வெட்டுக்காய ஃபாரத்தின் ஏழாவது கட்டம்

எனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும் மேடம். ஸ்கூல்ல நோட்டீஸ் போர்டு எழுத என்னைத்தான் கூப்பிடுவாங்க. இந்த ஆஸ்பத்திரி வாசல்லகூட 'செருப்பை வெளியே விடவும்'னு தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணுலயும் எழுதி ஒட்டினது நான்தான். உள்ள வரும்போது பார்த்திருப்பீங்க.

தமிழ்லயே வாக்குமூலம் கொடுக்கலாம்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றி. பெங்களூர் வந்து பதினேழு வருஷமாச்சு, கன்னடம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இருந்தாலும் நிதானமா யோசிச்சுச் சொல்ல வேண்டியதுக்கு எங்க வாணியம்பாடிப் பேச்சுதான் வசதி. சீனுங்கற பேஷன்ட் செத்துப்போனதைப் பத்திக் கேக்கறீங்க. சொல்றேன். முதல்லேர்ந்து சொன்னாத்தான் என் பக்கத்து நியாயம் புரியும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை, சஸ்பெண்ட் பண்ணதுலேர்ந்து லீவுதானே.

பேரு கணேசமூர்த்தி. இங்க சந்தாபுரா வர்றதுக்கு முன்னாடி தொம்மலூர்ல ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில ஒன்பது வருஷம் இருந்தேன். அமெரிக்காவுல ஒருத்தன் தக்காளி நறுக்கறப்ப விரலையும் சேர்த்து நறுக்கிக்குவான். அங்க டாக்டர் தையல் போட்டுட்டு அதைப் பக்கம் பக்கமா எழுதுவார். அந்த எழுத்தைப் படிச்சு எண்ணா மாத்தறதுதான் வேலை. வெட்டுக்காயம் எல்லாம் என் செக்‌ஷன். எந்தக் கை, எந்த விரல், எத்தனை சென்டிமீட்டர், உள்ள கண்ணாடித் துண்டு இருந்ததா, இது முதல் தடவை வர்றானா, தையல் பிரிக்க வர்றானா, ஒவ்வொண்ணுக்கும் அந்தக் கோடு நம்பர் மாறும். ஒன்பது வருஷத்துல ஒன்றரை லட்சம் வெட்டுக்காயமாவது பார்த்திருப்பேன். ரத்தம் மட்டும் ஒரு சொட்டுகூடப் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்க ட்ரெயினர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. டாக்டர் எழுதலைன்னா அது நடக்கலைன்னு அர்த்தம். தையல் போட்டது ஊருக்கே தெரிஞ்சாலும் ஃபைல்ல இல்லைன்னா இல்லை. அந்தத் தொழில்ல இருக்கற எல்லாருக்கும் இது மனப்பாடம். நான் அதை ஒரு நாள் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எழுதியிருந்தா நடந்ததுன்னு அர்த்தம். இதுல என்ன தப்புன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை மேடம்.

வீட்டுலயும் நான் இப்படித்தான். ஒரு நாள் என் மனைவி சுப்புலக்ஷ்மி அரிவாள்மணையில கையை வெட்டிக்கிட்டு "ஐயோ, இங்க வாங்களேன்"னு கத்தினா. நான் போய் "இடது கையா வலது கையா, எந்தக் கணு வரைக்கும்?"னு கேட்டேன். "ஏங்க, உங்களுக்கு மனுஷ ஜென்மமா இருக்கத் தெரியவே தெரியாதா? அந்தத் துணியை எடுங்க முதல்ல"ன்னா. துணியை எடுத்துக் கொடுத்தேன். ஆனா பக்கத்து கிளினிக்ல டாக்டரம்மா என்னாச்சுன்னு கேட்டப்ப, இடது ஆள்காட்டி விரல், நடுக்கணு, ரெண்டு சென்டிமீட்டர்னு டக்குனு சொன்னது யாரு? நான்தான். அவ அழுதுகிட்டுத்தான் இருந்தா.

அஞ்சு வருஷம் முன்னாடி இந்த ஆஸ்பத்திரியில ரெக்கார்டு செக்‌ஷனுக்குத் தலைவனா வந்தேன். இங்க டாக்டருங்க எழுதறதைப் பார்த்தா உங்களுக்கு வயித்தெரிச்சலா இருக்கும். 'சின்ன வெட்டு.' 'சுமாரான வெட்டு.' ஒருத்தர் 'நல்ல வெட்டு'ன்னு எழுதியிருந்தார், என்னமோ மட்டன் கடை மாதிரி. ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஸ்கேல் வாங்கிக் கொடுத்தேன். டாக்டர் சுஹாஸ் அதை வெச்சு முதுகு சொறிஞ்சுக்கறதை என் கண்ணால பார்த்தேன். சரின்னு நானே உட்கார்ந்து வெட்டுக்காயத்துக்குன்னு தனியா ஒரு ஃபாரம் தயார் பண்ணேன். பதினோரு கட்டம். எந்த இடம், எவ்வளவு நீளம், எதனால, எத்தனை தையல்னு வரிசையாப் போகும். ஏழாவது கட்டம் டி.டி. ஊசி. ரணஜன்னி, அதான் டெட்டனஸ், வராம இருக்கப் போடுவாங்களே, அது. போட்டாச்சா, எத்தனை மணிக்கு, யார் போட்டாங்க, மூணும் எழுதணும். அருமையான ஃபாரம். யாரும் முழுசா நிரப்பினதில்லை.

போன வருஷம் தரச் சான்று கொடுக்கற குழு வந்து எங்க ஃபைல்ல நாப்பத்தொரு குறை கண்டுபிடிச்சாங்க. நாப்பத்தொண்ணும் காலியா விட்ட கட்டம். சேர்மன் வெங்கடகிருஷ்ணன் மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடி, "கணேசமூர்த்தி, அந்த ரூம்ல நீங்க ஆளா இருக்கீங்களா, அலமாரியா இருக்கீங்களா?"ன்னு கேட்டார். நர்ஸுங்க எல்லாம் சிரிச்சாங்க. அவங்க காலியா விட்ட கட்டத்துக்கு நான் அலமாரி. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை மேடம், உண்மையாச் சொல்றேன்.

அதனால இந்த வருஷம் குழு வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். நானே நிரப்பினேன். பெரிய கம்பசூத்திரம் ஒண்ணுமில்லை. அஞ்சு தையல்னா நாலரை சென்டிமீட்டர்னு போடுவேன். எதனாலங்கற இடத்துல ஆளோட தொழிலைப் பார்த்து எழுதுவேன். தச்சன்னா உளி, ஓட்டல்காரன்னா கத்தி. டி.டி. ஊசி எல்லாருக்கும் போடறதுதானே, அதனால போட்டாச்சுன்னு எழுதி, டியூட்டியில இருந்த நர்ஸோட இனிஷியலைப் போட்டுடுவேன். அடுத்தவங்க எழுத்தும் எனக்கு நல்லா வரும். இருநூத்துப் பன்னிரண்டு ஃபைல். அதுல சீனுவோடது ஒண்ணுதான் இப்ப உங்க முன்னாடி இருக்கு. மத்த இருநூத்துப் பதினோரு பேரும் நல்லாத்தான் இருப்பாங்க. நான் விசாரிக்கலை, ஆனா யாரும் வந்து புகார் சொல்லலையே.

இனி சீனு. அலுமினியம் ஜன்னலுக்குக் கண்ணாடி போடற கடையில வேலை பார்க்கற ஆள், முப்பத்தாறு வயசு. கடை வாசல்ல கண்ணாடிப் பலகையை இறக்கறப்ப சாக்கடை ஓரமா வழுக்கி விழுந்திருக்கார். பலகை உடைஞ்சு வலது உள்ளங்கை கிழிஞ்சுது. மதியம் ஒண்ணேகாலுக்கு வந்தார். டாக்டர் சுஹாஸ் கழுவி ஆறு தையல் போட்டார். டியூட்டி நர்ஸ் வேதநாயகி. தர்மபுரிப் பக்கத்துப் பொண்ணு, நல்ல பொண்ணு, ஆனா கட்டத்தை நிரப்பாம விடறதுல முதல் ரேங்க். அன்னிக்கு டி.டி. ஊசி ஸ்டாக் தீர்ந்து போச்சு. அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு, ஏழாவது கட்டத்தைக் காலியா விட்டுட்டு, ஃபைல் மேல ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிச்சு. 'ஊசி போடவில்லை. ஸ்டாக் இல்லை. நாளை வரச் சொல்லியிருக்கிறது.' அப்புறம் ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பிட்டா.

நாலு மணிக்கு ஃபைல் என் மேஜைக்கு வந்தது. மஞ்சள் சீட்டு ஃபைல்ல இருக்கவே கூடாது மேடம். இது நான் வெச்ச சட்டம் இல்லை. ஒட்டற சீட்டு ரெக்கார்டாகாது, உதிர்ந்து போகும், அதனால குழுக்காரங்க அதைக் கண்டாலே ஒரு குறை எழுதிடுவாங்க. சீட்டைப் பிரிச்சுக் கிழிச்சுப் போட்டேன். அதுக்கப்புறம் ஏழாவது கட்டம் காலியா இருந்தது. அதைப் பார்த்துக்கிட்டு எப்படி வீட்டுக்குப் போறது? எழுதினேன். போட்டாச்சு, மணி ரெண்டு நாப்பது, வி.என்.

சீட்டைப் படிச்சியான்னு கேக்கறீங்க. படிச்சேன். என் வேலையே படிக்கறதுதானே.

நாளைக்கு ஊசி போடத்தான் போறாங்க, ஒரு நாள் முன்னப்பின்ன, அதுக்குள்ள எழுதி வெச்சா என்னன்னு நினைச்சேன். மறுநாள் சீனுவும் சொன்ன பேச்சு தட்டாம வந்திருக்கார். அன்னிக்கு ஸ்டாக்கும் வந்துடுச்சு. ஆனா வேதநாயகிக்கு வார லீவு. வேற நர்ஸ் ஃபைலைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "நேத்தே போட்டாச்சே, எதுக்கு வந்தீங்க?"ன்னு கேட்டிருக்கா. "போடலை சிஸ்டர், ஸ்டாக் இல்லைன்னாங்க"ன்னு இவர் சொல்லியிருக்கார். "மணியோட எழுதியிருக்குதுப்பா, ரெண்டு தடவை போடக்கூடாது, போ"ன்னு அனுப்பிட்டா. அந்த நர்ஸ் மேல தப்பே சொல்ல முடியாது. ஃபைலை நம்பணும்னு அஞ்சு வருஷமா நான்தான் அவங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்திருக்கேன். சீனு வேலைக்குப் போயிட்டார்.

எட்டாம் நாள் வாய் திறக்க முடியலைன்னு திரும்ப வந்தார். பல் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. பல் டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். பத்தாம் நாள் உடம்பு வில்லா வளைஞ்சு இழுக்க ஆரம்பிச்சதும் சிட்டியில பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அங்க நாலு நாள் இருந்தார். ரணஜன்னின்னு எழுதினாங்க. எட்டாம் நாளே அவங்ககிட்டக் கொண்டு போயிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு அங்க சொன்னதா நீங்க சொல்றீங்க. இருக்கலாம். அவங்க எழுதின டெத் ரிப்போர்ட்டையும் நான் பார்த்தேன், நாலு இடத்துல தேதி இல்லை.

எங்க குழு விசிட் எட்டாம் நாள்தான் நடந்தது. பூஜ்யம் குறை. ஒண்ணுகூட இல்லை. வெங்கடகிருஷ்ணன் என் தோள்ல கை போட்டுக்கிட்டு ஃபோட்டோ எடுத்துக்கிட்டார். அந்த ஃபோட்டோ ரிசப்ஷன்ல மாட்டியிருந்தது, இப்பக் கழட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்.

சாவுக்கு அப்புறம் கடைக்காரங்க எல்லாம் திரண்டு வந்து கேட் முன்னாடி உட்கார்ந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில ஒரு உள் விசாரணை வெச்சாங்க. ஃபைல்ல வி.என்.னு இருக்கு, அதனால வேதநாயகியைக் கூப்பிட்டாங்க. ஊசி போட்டதா எழுதியிருக்கு, ஆளு ரணஜன்னியில செத்திருக்கான், அப்ப நீ போடாமலே போட்டதா எழுதியிருக்கன்னாங்க. அந்தப் பொண்ணு ஒரே அழுகை. என் ரூமுக்கு ஓடி வந்தா.

"சார், நான் எழுதவே இல்லை சார். மஞ்சள் சீட்டு ஒட்டினேனே, நீங்க பார்த்தீங்கல்ல?"

"சீட்டு ரெக்கார்டு இல்லைம்மா. ஃபைல்ல என்ன இருக்கோ அதைத்தான் நான் சொல்ல முடியும்."

"சாமி சத்தியமா இது என் எழுத்து இல்லை சார். எங்கம்மா மேல சத்தியம்."

"வேலைப் பளுவுல மறந்திருப்ப. எல்லாருக்கும் வர்றதுதான்."

அவ என்னையே பார்த்தா. அப்புறம் துப்பட்டாவால முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டா. அன்னிக்கே வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அவளை எடுத்த உத்தரவுல சாட்சிக் கையெழுத்து என்னோடது. ஆதாரம் இல்லாம ஒரு பொண்ணு மேல பழி போடறது பாவம்னு எனக்கும் தெரியும், ஆனா ஆதாரம்தான் எழுத்துல இருந்ததே.

இதெல்லாம் அப்படியே போயிருக்கும். நீங்க வந்தீங்க, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தீங்க, பெருவிரல் வைக்கற மெஷின்ல வேதநாயகி அன்னிக்கு ரெண்டு அஞ்சுக்கே வெளிய போனதைப் பிடிச்சுட்டீங்க. ரெண்டு நாப்பதுக்கு அவ பஸ்ல இருந்திருக்கா. நீங்க அதைச் சொன்னப்ப எனக்கு நிஜமாவே முகம் சுண்டிப் போச்சு. ஷிஃப்ட் ரெண்டு மணிக்கு முடியும்னு தெரிஞ்சும் தையல் முடிஞ்சு ஒரு அரை மணி ஆகும்னு கணக்குப் போட்டு எழுதிட்டேன் பாருங்க. தொம்மலூர்ல எனக்குக் கீழ இருந்த பசங்க இப்படிப் பண்ணியிருந்தா உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல என் ஃபைல்ல நான் பண்ண ஒரே தப்பு அதுதான். அதை ஒத்துக்கறேன், அதுக்காக வெக்கப்படறேன்.

நீங்க கேட்டதுல ஒண்ணுதான் பாக்கி. எட்டாம் நாள், சீனு உசிரோட இங்க வந்து உட்கார்ந்திருந்தப்ப, நான் எங்க இருந்தேன்னு கேட்டீங்க. சொல்லிடறேன்.

என் ரூம்லதான் இருந்தேன். குழுக்காரங்க ரெண்டு பேர் எனக்குப் பின்னாடி மேஜையில உட்கார்ந்து, டீ குடிச்சுக்கிட்டே ஃபைல் புரட்டிக்கிட்டிருந்தாங்க. காலையில பதினோரு மணி இருக்கும். டாக்டர் அனன்யா கேஷுவால்ட்டியிலேர்ந்து நேரா என் ஜன்னலுக்கு வந்தாங்க. பின்னாலேயே சீனுவும் அவர் சம்சாரம் மரகதமும். சீனு அந்தச் சுவரோர பெஞ்சுல உட்கார்ந்தார். கழுத்து ஒரு பக்கமா விறைச்சிருந்தது. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கற மாதிரி முகம்.

"கணேசமூர்த்தி சார், போன வாரம் இவருக்கு டி.டி. போட்டாங்களா? போடலைன்னா நான் இப்பவே ஆம்புலன்ஸ்ல ஏத்தி சிட்டிக்கு அனுப்பணும். போட்டிருந்தா பல்லு பிரச்சனையா இருக்கும், டென்டல் பார்க்கட்டும். எதுன்னு சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க"ன்னாங்க.

மரகதம் முந்திக்கிட்டாங்க. "போடலைங்க டாக்டரம்மா. ஸ்டாக் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. மறுநாளும் வந்தாரு, எழுதியிருக்குன்னு சொல்லித் திருப்பிட்டாங்க. பொய்யா எழுதி வெச்சிருக்காங்கன்னு இவரே என்கிட்டச் சொன்னாரு."

பொய்யாங்கற வார்த்தை கேட்டு எனக்குப் பின்னாடி ஃபைல் புரட்டற சத்தம் நின்னுடுச்சு.

நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்கு ஞாபகம் இருந்தது. இருநூத்துப் பன்னிரண்டுல எது மறந்திருந்தாலும் அது மறக்கலை, சீட்டு ஒட்டியிருந்தது அது ஒண்ணுலதான். ஊசி போடலைன்னு அந்த இடத்துல என்னைத் தவிர சீனுவுக்கு மட்டும்தான் நிச்சயமாத் தெரியும், அவருக்கு வாய் திறக்க வரலை. இல்லைன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா அவர் ஆம்புலன்ஸ்ல ஏறியிருப்பார். எல்லாம் தெரிஞ்சுதான் ஃபைலை எடுத்து வந்து ஜன்னல்ல வெச்சேன்.

"போட்டிருக்கு டாக்டர். மணியும் கையெழுத்தும் இருக்கு, நீங்களே பாருங்க."

டாக்டர் அனன்யா பார்த்தாங்க. டென்டலுக்குச் சீட்டு எழுத ஆரம்பிச்சாங்க. நான் ஃபைலை மரகதம் பக்கம் திருப்பி, ஏழாவது கட்டத்து மேல விரலை வெச்சுக் காட்டினேன். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்தாங்க. எழுத்து அவ்வளவு சுத்தமா இருந்தது. அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாங்க.

"ஏன்யா, மரத்துப்போக ஒரு ஊசி போட்டாங்கன்னியே, அதோட சேர்த்து இதையும் போட்டிருக்காங்க. ஒண்ணையும் கவனிக்கறதில்லை நீ. பெரியவங்க முன்னாடி என்னைப் பொய் பேச வெச்சிட்டியே"ன்னு திட்டினாங்க.

சீனு இல்லைன்னு தலையாட்டப் பார்த்தார். கழுத்து திரும்பலை. கட்டுப் போட்ட கையைத் தூக்கி என்னைக் காட்டினார். பல்லுக்கு நடுவுல என்னமோ சத்தம் வந்தது, கண்ணுல தண்ணி வழிஞ்சுது. "சும்மா இருய்யா, பல்லு வலிதான், சரியாயிடும்"னு முந்தானையால அவர் கன்னத்தைத் துடைச்சு விட்டாங்க. அவர் என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தார்.

அப்புறம் மரகதம் என் ஜன்னலுக்கு வந்து ரெண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சுக்குங்க சார். இவர் மேல இருக்கற கவலையில உங்க மேல அபாண்டமாச் சொல்லிட்டேன்"னாங்க.

இதையும் ஒரு வார்த்தை விடாம எழுதிக்குங்க மேடம், ஏன்னா என்னைக் கல்நெஞ்சக்காரன்னு வெளியில பேசிக்கறாங்களாம். அத்தனை பேர் முன்னாடி நான் பொய் எழுதினேன்னு சொன்ன பொம்பளை. நான் ஒரு வார்த்தை கோவமாப் பேசலை. பரவாயில்லைம்மான்னு சொல்லி மன்னிச்சுத்தான் அனுப்பினேன்.